பால் வேண்டாம் என்ற அக்கா

அந்த அறைக்குள் யார் முதன்முதலில் நுழைந்தாலும் சிரித்துவிடுவார்கள். கௌரவமாக உடுத்திய நாலு பேர் நீள மேசையோரம் வரிசையாக நகர்ந்துகொண்டே, கரண்டியில் டீயை மொண்டு, சர்ர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, காலால் தள்ளிக்கொண்டு வரும் சக்கரம் வைத்த தொட்டியில் துப்புவார்கள். வீட்டில் ஒரு குழந்தை அப்படிக் குடித்தால் முதுகில் ஒன்று வைப்போம். இவர்களுக்கு அதுதான் உத்தியோகம். தேயிலைக் கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியும் இவர்கள் உறிஞ்சித் துப்பி, தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கப்பலேறும்.

மேசையின் தலைமாட்டில் நிற்பவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடம் அவளுடையது. முதலில் அவள் உறிஞ்சுவாள், அப்புறம்தான் மற்றவர்கள். அவள் முகத்தைப் பார்த்தே பாதி தீர்ப்பு தெரிந்துவிடும் என்பார்கள்.

ஆனால் ஏழு மாதமாக அக்காவுக்கு வாசனை தெரியாது.

நாலு நாள் காய்ச்சல். காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவளுக்கே அது தெரிய ஒரு வாரம் ஆயிற்று. ஒருநாள் அடுப்புப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிய அவள் வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"பால் அடிப்பிடிச்சு தெருமுனை வரைக்கும் நாறுது. நீ இங்கயேதானே நிக்கறே?"

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். கரி. குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. சுவரை முகர்ந்த மாதிரி இருந்தது.

டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றார். வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்ப்பவர். "கண்ணு போனா நான் ஒரு வழி பண்ணுவேன். மூக்குமேல கண்ணாடிய மாட்டத்தான் எனக்குத் தெரியும், மூக்குக்கே ஒண்ணு மாட்டத் தெரியாதே" என்றார். சிரிப்பு காட்டத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்படியானால் ஏழு மாதம் எப்படி ஓட்டினாள் என்று கேட்பீர்கள். மூக்குதான் போனதே தவிர நாக்கு போகவில்லை, கண்ணுகளா. உப்பு, இனிப்பு, கசப்பு, புளிப்பு நாலும் தெரியும். முக்கியமாகத் துவர்ப்பு தெரியும். நல்ல டீ ஈறைப் பிடித்து இழுக்கும்; கிழட்டு இலை வாயில் தண்ணீராக வழுக்கும். அது போக, கண் இருந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிய டீ செம்பு நிறத்தில் விளிம்பு மின்னினால் ஒரு கணக்கு, மங்கலாகக் கிடந்தால் ஒரு கணக்கு. குவளை மூடியில் கவிழ்த்த வெந்த இலையின் பச்சையும் பழுப்பும் அவளுக்கு எழுதிப் படித்த மாதிரி. இவற்றை வைத்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பெட்டிக்குச் சரியாகச் சொன்னாள். மீதி இரண்டில் ஒன்று போன மாதம் திரும்பி வந்தது.

தோட்டத்திலிருந்து லாரியில் சோப்புப் பெட்டிகளோடு அடுக்கி வந்த தேயிலை அது. நிறம் அருமை, துவர்ப்பு அருமை. அக்கா 'நன்று' என்று எழுதினாள். வாங்கினவர்கள், டீ குடித்தால் குளித்த மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாளில் அக்கா கையெழுத்துக்குக் கீழே, மேசையில் அவளுக்கு அடுத்து நிற்கிற மௌனியின் கையெழுத்தும் இருந்தது. அன்று அவருக்கு ஜலதோஷம். அக்கா போட்டிருக்கிறாளே என்று நம்பிப் போட்டவர். "நான்தான் கவனிக்கல" என்று மேனேஜரிடம் தானாகவே போய்ச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா பக்கத்தில் நின்று கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் நாலு பேரையும் சின்ன அறையில் உட்காரவைத்தார்.

"ஒரே பெட்டி. ஒரு கிளையில பிரமாதம்ங்கறாங்க, இன்னொரு கிளையில குப்பைன்னு திருப்பறாங்க. விசாரிச்சா, ஆளுக்கொரு மாதிரி டீ போட்டுப் பாக்கறாங்க. இந்த வாரத்துக்குள்ள ஒரே ஒரு தாள் வேணும். டீயைச் சோதிக்கறதுக்கு எப்படிப் போடணும்னு. இலை எவ்வளவு, தண்ணி எவ்வளவு, எத்தனை நிமிஷம், எல்லாம். நாலு பேர்ல மூணு பேர் சரின்னா சரி. ரெண்டுக்கு ரெண்டுன்னா நான் சொல்றதுதான்."

நாலு பேரும் நாலு நாடு. மேனேஜர் ஐந்தாவது நாடு. டீயைப் பற்றிப் பேச வேண்டிய ஆட்களை இதைவிட மோசமாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

மேனேஜர் நாட்டில் குட்டிக் கெட்டிலில் டிகாக்‌ஷனைத் தார் மாதிரி காய்ச்சி வைத்துக்கொள்வார்கள். வேண்டிய போது கொஞ்சம் ஊற்றி வெந்நீரை விளாவிக்கொள்வது. சர்க்கரைக் கட்டியைக் கரைப்பதில்லை, பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு டீயை அதன் வழியாக இழுப்பார்கள். மௌனிக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அந்த மேசையில் சத்தமில்லாமல் உறிஞ்சுகிற ஒரே ஆள். அவர் நாட்டில் கொதிக்கிற தண்ணீரை இலைமேல் ஊற்றுவது பாவம்.

"கொதிச்சு, இறக்கி, பேச்சு ரெண்டு பேசிட்டு ஊத்தணும். கொதிக்கக் கொதிக்க ஊத்தினா இலை அலறும்" என்றார்.

"இலை அலறுதா? எனக்குக் கேட்டதே இல்லையே, அண்ணே" என்றார் பால்காரர்.

"நீங்க உறிஞ்சற சத்தத்துல எப்படிக் கேக்கும்?"

பால்காரர் பால் விற்பவர் அல்ல. அவர் நாட்டில் பாலில்லாத டீயை நோயாளிக்குத்தான் கொடுப்பார்கள். அதுவும் கோப்பையில் பால் முதலில், டீ அப்புறம். "எங்க பெரியப்பா டீயை ஊத்திட்டு அதுமேல பாலை ஊத்துவாரு. அதுக்காக எங்க அப்பா அவரோட பதினோரு வருஷம் பேசல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டிலும் அப்படி ஒரு பெரியப்பா இருந்திருப்பார் போல.

நாலாவது ஆள், மேசையின் கடைசியில் நிற்கிறவள், உப்புக்காரி. வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம்தான். உயர்ந்த மலைநாட்டுக்காரி. அங்கே டீயில் உப்பும் வெண்ணெயும் போட்டு, கடைந்து, கஞ்சி மாதிரி குடிப்பார்கள். முதல் வாரம் ஆசையாக எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தாள். பால்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மௌனி கோப்பையைக் கும்பிட்டுவிட்டு வைத்தார். அக்கா, அப்போது மூக்கு இருந்த அக்கா, "இன்னிக்கு விரதம்" என்றாள். அதற்கப்புறம் உப்புக்காரி தனியாகத்தான் குடிப்பாள்.

திங்கட்கிழமை இலை அளவிலேயே போயிற்று. மௌனி ஒரு சிட்டிகை என்றார், பால்காரர் அது என்ன மூக்குப்பொடியா என்றார். கடைசியில் தராசைக் கொண்டுவந்து வைத்து முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை தண்ணீர்: கொதிக்க வேண்டும், ஆறு நிமிஷம் மூடிவைக்க வேண்டும். மௌனி தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தார். இலைக்காக வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பால்.

"பால் ஊத்தித்தான் பாக்கணும். வாங்கறவங்கள்ல முக்கால்வாசி பேரு பால் ஊத்தித்தானே குடிக்கறாங்க?" என்றார் பால்காரர்.

"வேண்டாம்" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அக்கா நாட்டில் டீத்தூளைப் பாலோடு சேர்த்தே பொங்கப் பொங்கக் காய்ச்சுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இடைவேளையில் அவள் குடித்ததும் அதுதான்.

"என்னக்கா, தாய்வீட்டையே விட்டுக்கொடுக்கறீங்க?" என்றார் பால்காரர்.

"குடிக்கறது வேற, சோதிக்கறது வேற. புடவை வாங்கும்போது பிரிச்சுப் பாக்கறோமா, கட்டிப் பாக்கறோமா? பால் ஊத்தினா எல்லா டீயும் ஒரே நிறம். துவர்ப்பையும் பால் முழுங்கிடும். எதை வச்சுத் தீர்ப்பு சொல்றது?"

"மணத்தை வச்சு. பாலுக்கு மேலயும் தெரியற மணம்தான் நல்ல டீ. நீங்கதானே எனக்கே சொல்லிக்கொடுத்தீங்க?"

அக்கா தண்ணீர் குடித்தாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பால் நிறத்தை மூடும், துவர்ப்பைக் கொல்லும், இது அந்தத் தொழிலில் யாருக்கும் தெரிந்த விஷயம். அவளிடம் மிச்சம் இருந்தது அந்த இரண்டும்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தாளில் பால் ஏறிவிட்டால், முதல் கிண்ணத்திலேயே அவள் நிற்கிற இடம் போய்விடும்.

மௌனி பால் வேண்டாம் என்றார். உப்புக்காரி கொஞ்சம் யோசித்து, "பாலாவது இருக்கட்டும். வெறும் டீயை எங்க ஊர்ல மாடுகூடக் குடிக்காது" என்றாள். இரண்டுக்கு இரண்டு. மேனேஜர் பால் பக்கம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க. அப்பவும் ரெண்டுக்கு ரெண்டுன்னா நான் சொல்லிடறேன்" என்று எழுந்தார்.

அன்று சாயங்காலம் கிண்ணம் கழுவுகிற இடத்தில் உப்புக்காரி தன் டீயைக் கடைந்துகொண்டிருந்தாள். அக்கா ஏதோ யோசனையில் வந்து நின்றாள். மரியாதைக்கு ஒரு கோப்பையை நீட்டினாள் உப்புக்காரி. வேண்டாம் என்று சொல்ல விரதம் எதுவும் அக்காவுக்கு நினைவுக்கு வரவில்லை. வாங்கிக் குடித்தாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாக இருந்தது. உப்பு நாக்கில் நேராக வந்து உட்கார்ந்தது. வெண்ணெய் தொண்டையில் கதகதவென்று இறங்கியது. ஏழு மாதமாக எது குடித்தாலும் பாதிதான் வரும், மீதி பாதி எங்கேயோ நின்றுவிடும். இது முழுசாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றாள்.

உப்புக்காரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "நிஜமாவா கேக்கறீங்க?"

"நிஜமாத்தான். ரொம்ப நல்லா இருக்கு."

"முகத்தைச் சுளிக்கவே இல்லையே நீங்க! எங்க வீட்டுக்காரரோட சிநேகிதங்ககூட மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிப்பாங்க."

புதன்கிழமையும் குடித்தாள், வியாழக்கிழமையும் குடித்தாள். உப்புக்காரி அவளிடம் மாமியாரைப் பற்றிப் பேசினாள், மாமியாருக்குக் கண் மங்கிக்கொண்டு வருவதைப் பற்றிப் பேசினாள், அக்காவின் வீட்டுக்காரர் கடையில் ஒரு கண்ணாடிக்குச் சொல்லிவைக்க முடியுமா என்று கேட்டாள். வியாழக்கிழமை போகும்போது தானாகவே சொன்னாள்: "அக்கா, நாளைக்கு என் ஓட்டு உங்களுக்குத்தான். எங்க டீயை மதிச்சவங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கும்."

ஓட்டுக்காகக் குடிக்கவில்லை என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உப்புக்காரி ஃபிளாஸ்கோடு வந்தாள். "உங்களைப் பத்தி மாமியார்கிட்ட சொன்னேன். அந்தம்மாவே எழுந்து போட்டு நிரப்பிக் குடுத்துட்டாங்க. முதல்ல நீங்க. எங்க பழக்கத்துல கொடுக்கறவங்க கடைசியாத்தான் குடிக்கணும்."

உப்புக்காரி தனக்குக் கோப்பை எடுக்கப் போன இடைவெளியில் அக்கா தானே ஊற்றி, ஃபிளாஸ்கை மூடிவைத்து, ஒரு கோப்பை முழுக்கக் குடித்தாள். "உங்க மாமியாருக்குக் கை அளவு சுத்தம்" என்றாள்.

உப்புக்காரி மலர்ந்துபோய்த் தனக்கு ஊற்றிக்கொண்டாள். வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

"அக்கா, துப்புங்க! குடிக்காதீங்க!"

"ஏன்?"

"இது சமையல் வெண்ணெயே இல்ல. பூட்ஸுக்குத் தடவறதுக்குன்னு ஒரு டப்பால கெட்டுப்போன வெண்ணெய் வச்சிருப்பாரு எங்க வீட்டுக்காரரு. அந்தம்மா கண்ணு தெரியாம அதை எடுத்துப் போட்டிருக்காங்க. ஐயோ, கிட்ட கொண்டுபோனதுமே இப்படி நாறுதே, உங்களுக்கு..."

பேச்சு அங்கே நின்றது.

அக்கா காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கு வெளியே நடையில் போன பால்காரர், "யாருப்பா அங்க, எதைச் சாகடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். அவ்வளவு தூரம் வீசியிருக்கிறது.

"உங்களுக்கு வாசனை தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள் உப்புக்காரி.

"தெரியாது."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசமா."

உப்புக்காரி ஃபிளாஸ்கை மூடினாள். திருகி இறுக்கினாள். "அதனாலதான் பால் வேண்டாமா?"

"ஆமா."

"என் டீயும் அதனாலதான்."

"அது இல்ல, தங்கச்சி. உன் டீ எனக்கு நிஜமாவே..."

"விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது. மூக்கில்லாத ஒருத்தியால்தான் தன் நாட்டு டீயைக் குடிக்க முடிந்தது என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. ஊருக்கு எழுதின கடிதத்தில்கூட அதைப் பெருமையாக எழுதியிருந்தாள்.

பதினோரு மணிக்கு எல்லோரும் சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் தாளை முதலிலிருந்து வாசித்தார். இலை, தண்ணீர், நிமிஷம். பால் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "பால் வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க."

அக்கா தூக்கினாள். மௌனி தூக்கினார். உப்புக்காரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாக்கை மீறினாலும் குற்றம் சொல்ல முடியாது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். உப்புக்காரி மேசையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையைத் தூக்கினாள்.

"மூணு. முடிஞ்சது" என்றார் மேனேஜர்.

"பாவிகளா, ஒரு சொட்டாவது?" என்றார் பால்காரர்.

முடிந்துவிட்டது. அக்கா ஜெயித்துவிட்டாள். பணி ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம், அதுவரை அந்த மேசையின் தலைமாட்டில் நிற்கலாம். தாள் அவள் முன்னால் வந்தது, அவள்தானே மூத்தவள். அடியில் ஒரு வரி அச்சடித்திருந்தது: 'கீழே கையெழுத்திடுவோர், ஒவ்வொரு பெட்டியையும் நிறம், மணம், சுவை மூன்றாலும் தாமே சோதிப்பதாக ஒப்புக்கொள்கிறோம்.' அதற்குக் கீழே நாலு கோடு. முதல் கோடு அவளுக்கு. இரண்டாவது மௌனிக்கு. கடைசி உப்புக்காரிக்கு.

மௌனி பேனா மூடியைக் கழற்றிக் காத்திருந்தார். அவள் போட்டால் அவர் போடுவார். யோசிக்க மாட்டார்.

அக்கா மேனேஜரிடமிருந்து பேனாவை வாங்கினாள். 'மணம்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதன் பக்கத்தில் சின்னதாகத் தன் முதலெழுத்தைப் போட்டாள். பிறகு முதல் கோட்டில் முழுக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னக்கா இது, அச்சுப் பிழையா?" என்றார் மேனேஜர்.

"இல்ல. எனக்கு வாசனை தெரியறதில்ல. காய்ச்சலுக்கப்புறம். மத்த ரெண்டுக்கும் நான் கையெழுத்துப் போடலாம், அதுக்குப் போட முடியாது." மௌனி பக்கம் திரும்பினாள். "போன மாசம் அந்த சோப்புப் பெட்டி. அது உங்க தப்பு இல்ல, அண்ணே. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

மௌனி தன் பேனாவை மூடினார். திறந்தார். திரும்ப மூடினார்.

பால்காரர்தான் பேசினார். "அப்போ பால்? நியாயம் பேசினீங்களே, புடவை, பிரிச்சுப் பாக்கறது..."

"நியாயமும்தான். ஆனா எனக்காகத்தான் பேசினேன்."

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, கம்பெனி மனுஷர். மத்தியானம் வரை யோசித்துவிட்டுச் சொன்னார்: தலைமாட்டு இடம் மௌனிக்கு. அக்கா ஜன்னலோர மேசைக்குப் போக வேண்டும், உலர்ந்த இலையும் வெந்த இலையும் நிறமும் பார்க்க. கரண்டி பிடிக்க வேண்டாம். பால் விஷயத்தில் திரும்ப ஓட்டெடுத்தார்கள். ஊற்றியும் சோதிக்கலாம், ஊற்றாமலும் சோதிக்கலாம், எதுவென்று தாளில் எழுத வேண்டும், ஊற்றினால் பால் முதலில் என்று முடிவாயிற்று. ஒரே முறைக்காக எழுதிய தாளில் இரண்டு முறை ஏறிற்று. பால்காரர் அப்பாவின் பதினோரு வருஷம் வீண் போகவில்லை.

வீட்டில் அக்கா சொன்னதும் வீட்டுக்காரர் லென்ஸ் தேய்த்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஜன்னலோரம்னா வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்கள்.

திங்கட்கிழமை அக்கா ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து இலையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பின்னால் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பால்காரர், உப்புக்காரி. மௌனி எப்போது உறிஞ்சினார் என்று தெரியவில்லை. எழுந்து நிற்க வேண்டும் போல அவள் காலுக்கு இரண்டு முறை தோன்றிற்று. உட்கார்ந்தே இருந்தாள்.

இடைவேளையில் ஒரு கோப்பை அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது. உப்புக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"புது வெண்ணெய். நானே கடைஞ்சேன். மணம் எப்படின்னு உங்ககிட்ட கேக்கப்போறதில்ல."

அக்கா குடித்தாள். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டாள். உப்புக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு கம்மி" என்றாள் அக்கா.

"கம்மியா? சரியாத்தான் போட்டேன்!"

"வியாழக்கிழமை போட்டதுதான் சரி. இது கம்மி."

உப்புக்காரி கோப்பையைப் பிடுங்கி அதே கோப்பையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு உப்புப் பாட்டிலை எடுத்துவரப் போனாள்.